தேதி சொன்னால்தான் காசு

1944 டிசம்பர் 7. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் ககெகாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோரம் சிலர் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முக்காலி மேல் ஒரு தொலைநோக்கி. முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள், இருவர் கையிலும் ஸ்டாஃப் என்கிற அளவுக்கட்டை. நம் ஊரில் புதுச் சாலை போடும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து பார்ப்பார். தூரத்தில் நிற்பவர் கட்டையை ஆடாமல் பிடிக்கப் பாடுபடுவார்.

இந்த வேலைக்கு ஒரு கறாரான ஒழுங்கு உண்டு. போன வழியிலேயே அளந்துகொண்டு திரும்பி வர வேண்டும். போகும்போது கிடைத்த உயர வித்தியாசமும் வரும்போது கிடைத்ததும் ஒத்துப்போக வேண்டும். கடை சாத்துமுன் கல்லாவை எண்ணிப் பார்ப்பது மாதிரிதான். அன்றைக்குக் கல்லா இடித்தது. சில மில்லிமீட்டர் உதைத்தது. தேர்ந்த ஆட்கள், நல்ல கருவி, அதிகத் தூரமும் இல்லை. இவ்வளவு பிசகு வரக் கூடாது.

பிற்பகல் ஒன்றரை மணி தாண்டிச் சில நிமிடங்களில் தரை ஆடத் தொடங்கியது. தோனான்காய் நிலநடுக்கம், அளவு 7.9. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் போனார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எதிரிக்குத் தெரியக் கூடாது என்று செய்தியை அமுக்கிவிட்டார்கள்.

அந்தச் சில மில்லிமீட்டரை மட்டும் யாராலும் அமுக்க முடியவில்லை. நிலம் பிளந்து நழுவுவதற்கு முன் மெல்லச் சரிந்து ஒரு சைகை காட்டியதா? அப்படியென்றால், அந்தச் சைகையை அடுத்த முறை பிடித்துவிடலாமே! இந்த ஒரு கேள்வியை நம்பி ஒரு தேசம் ஒரு சட்டம் போட்டது, கருவிகளைப் புதைத்தது, ஏறத்தாழ நாற்பது வருடம் காத்திருந்தது. அரசுப் பணத்தில் நிலநடுக்க ஆராய்ச்சி எப்படி நடக்கிறது, எங்கே வழி தவறுகிறது, தவறிய வழியிலும் எப்படிச் சில நல்ல காரியங்கள் நடந்துவிடுகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

ககெகாவாவில் மட்டம் எடுக்க வைத்தவர் அகித்சுனே இமாமுரா. ராணுவ நில அளவைத் துறையை வற்புறுத்தி அந்த அளவையை நடத்த வைத்தார். அப்போது அவர் ஓய்வு பெற்ற எழுபத்து நான்கு வயது மனிதர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் சம்பளமில்லாத துணைப் பேராசிரியராக இருந்து, ராணுவப் பள்ளியில் பாடம் நடத்திக் குடும்பம் நடத்தியவர். 1905இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். டோக்கியோவை ஐம்பது வருடத்துக்குள் பெரிய நிலநடுக்கம் தாக்கக்கூடும், தீப்பிடித்தால் ஒரு லட்சம் பேருக்கு மேல் சாவார்கள், மண்ணெண்ணெய் விளக்கை விட்டு மின்விளக்குக்கு மாறுங்கள் என்றார். அவர் கேட்டது விளக்கை மாற்றச் சொல்லித்தான். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டதோ ஒரு லட்சத்தை. ஊரே பதறியது. அவருக்கு மேலே இருந்த பேராசிரியர் ஃபுசாகிச்சி ஓமோரி, இதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு என்று பகிரங்கமாக மறுத்தார். இமாமுராவுக்குப் 'புளுகன்' பட்டம் கிடைத்தது.

1923 செப்டம்பர் 1, மதியம் 11:58. டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் அடுப்புகளில் மதியச் சாப்பாடு கொதித்துக்கொண்டிருந்த வேளையில் கந்தோ நிலநடுக்கம் வந்தது. இறந்தவர்கள் ஒரு லட்சத்து ஐயாயிரம் பேர் வரை. பெரும்பாலோர் தீயில். ஓமோரி அன்று ஆஸ்திரேலியாவில், சிட்னி வானாய்வகம் ஒன்றில், நிலநடுக்கமானியின் ஊசி துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது தன் ஊர் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதத்தில் மூளைக் கட்டியால் இறந்துபோனார். பாவம், விஞ்ஞானத்தின்படி அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. இமாமுராவிடம் இருந்ததும் சரித்திரக் கணக்குதான், தேதி இல்லை. ஆனால் மக்கள் மனதில் பதிந்தது வேறு: ஒருவர் முன்கூட்டிச் சொன்னார், ஒருவர் தடுத்தார். அதன் பிறகு 'முன்கூட்டிச் சொல்ல முடியாது' என்று எழுந்து சொல்ல எந்த நிபுணருக்கும் நா எழவில்லை.

1962இல் சில மூத்த நிலநடுக்க அறிஞர்கள் சேர்ந்து ஒரு திட்ட வரைவைத் தயாரித்தார்கள். நீலநிற அட்டை போட்டிருந்தார்களோ என்னவோ, இன்றும் அதற்கு 'ப்ளூபிரிண்ட்' என்றுதான் பெயர். அதைப் படித்தால் அவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையானவர்கள் என்று தெரியும். பத்து வருடத்தில் முன்கணிப்பு வந்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. இப்போது தொடங்கினால், முன்கணிப்பு எப்போது சாத்தியம் என்ற கேள்விக்குப் பத்து வருடத்தில் நம்பகமாகப் பதில் சொல்லலாம் என்றார்கள். கேள்விக்குப் பதில் தருவோம் என்றுதான் வாக்கு.

1965இல் அரசு பணம் ஒதுக்கியது. முதல் திட்டத்தின் பெயர் 'நிலநடுக்க முன்கணிப்பு ஆராய்ச்சித் திட்டம்'. 1969இல் அடுத்த திட்டம் வந்தது. அதன் பெயர் 'நிலநடுக்க முன்கணிப்புத் திட்டம்'. நடுவிலிருந்த 'ஆராய்ச்சி' எப்படியோ கழன்று விழுந்துவிட்டது.

அரசு அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இது புரியும். ஆராய்ச்சி என்றால் நிதித்துறை கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கும். எப்போது முடியும், முடிந்தால் என்ன வரும் என்று கேட்கும். 'முன்கணிப்பு' என்றால் அது ஒரு சேவை, ஒரு கடமை. பாராளுமன்றத்தில் கைதூக்க எளிது. அந்த ஒரு சொல் போனதும் பணத்தின் வாய் திறந்தது. வாங்கிக்கொண்டவர்களுக்கோ தாங்கள் செய்யாத சத்தியம் தலையில் ஏறி உட்கார்ந்தது.

காலமும் ஒத்துழைத்தது. 1975 பிப்ரவரியில் சீனாவில் ஹைசெங் நகரத்தை முன்கூட்டியே எச்சரித்துப் பலரை வெளியேற்றினார்கள். அடுத்து நிலநடுக்கம் வந்தது. சின்னச் சின்ன முன்னதிர்வுகள் வரிசையாக வந்தது அங்கே பெரிய உதவி. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த வருடமே, 1976 ஜூலையில், தாங்ஷான் நகரத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் இறந்தார்கள். உலகம் ஹைசெங்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

அதே 1976இல் ஜப்பானில் கட்சுஹிகோ இஷிபாஷி என்ற இளம் ஆய்வாளர் ஒரு கணக்கை முன்வைத்தார். 1944இல் பிளவின் கிழக்குக் கோடி, அதாவது சுருகா விரிகுடாப் பகுதி, உடையாமல் நின்றுவிட்டது. 1854க்குப் பிறகு அது உடையவே இல்லை. ஆக அடுத்த பெரிய நிலநடுக்கம் அங்கேதான், நாளைக்கே வந்தாலும் ஆச்சரியமில்லை என்றார். இதுதான் 'தோகாய் நிலநடுக்கம்'. பெயரிட்டுவிட்டார்கள், இடம் சொல்லிவிட்டார்கள், வருவது மட்டும்தான் பாக்கி.

1978இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. படிக்கும்போது சினிமாக் கதைச் சுருக்கம் போலத் தோன்றும். ஷிசுவோகா பகுதியில் ஆழ்துளை போட்டு, பாறை நசுங்குவதை அளக்கும் கருவிகளைப் புதைப்பார்கள். கருவி எவ்வளவு நுட்பம் என்றால், பள்ளிக்கூட நீச்சல் குளத்தை நிரப்பி அதில் ஒரு கோலிக்குண்டைப் போட்டால் தண்ணீர் எவ்வளவு உயருமோ அந்த அளவுகூடத் தெரியும். பல கருவிகளில் ஒரே நேரத்தில் மாற்றம் வந்தால் ஆறு பேராசிரியர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் 'ஆமாம், இதுதான்' என்றால் வானிலைத் துறைத் தலைவர் பிரதமரிடம் சொல்வார். பிரதமர் அமைச்சரவையைக் கூட்டி எச்சரிக்கை விடுப்பார். புல்லட் ரயில் நிற்கும், விரைவுச்சாலை அடைபடும், பள்ளிகளும் கடைகளும் மூடப்படும். பிறகு எல்லாரும் வெளியே நின்று நிலநடுக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அன்று இதற்கு ஒத்திகை. பிரதமரே தொழிலாளர் மேலாடை போட்டுக்கொண்டு நிற்பார். பேராசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, விபரீதமாக எதுவும் இல்லை என்று அறிவித்துக் கலைவார்கள். இந்த ஏற்பாடு முழுவதுக்கும் உயிர்நாடி 1944இல் இடித்த அந்த மில்லிமீட்டர்கள்தான். ஒரே ஒரு முறை, ஒரே ஓர் இடத்தில், மனிதக் கண்ணால் எடுத்த அளவு.

இந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. 1980இல் இந்தச் சட்டத்துக்கு வாலாக இன்னொரு சட்டம் வந்தது. தோகாய் பகுதியில் பள்ளிக் கட்டடங்களை வலுப்படுத்தவும், ஊர் ஒதுங்கும் இடங்களை அமைக்கவும் மத்திய அரசு கூடுதலாக மானியம் தரும் என்றது அது. வராத நிலநடுக்கத்தின் பெயரில் ஷிசுவோகா பள்ளிக்கூடங்களுக்கு இரும்பும் கான்கிரீட்டும் வந்து சேர்ந்தன. ஒரு பொய்யான வாக்குறுதி அரசின் கஜானாவைத் திறந்தது; திறந்த கஜானாவிலிருந்து ஒரு மெய்யான தூண் எழுந்தது. இதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று எனக்கு இன்றும் குழப்பம்தான்.

தோகாய் மேல் எல்லாக் கண்ணும் இருந்தபோது, 1995 ஜனவரி 17 விடிகாலை 5:46க்கு கோபே நகரம் குலுங்கியது. இருபது விநாடிதான் கடுமையான ஆட்டம். மொத்தம் 6,434 பேர். அந்தப் பக்கத்து ஜனங்களில் பெரும்பாலோர், எங்கள் ஊரில் பெரிய நிலநடுக்கம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள். அரசே தோகாயைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது!

இறந்தவர்களில் பெரும் பங்கு படுக்கையிலேயே நசுங்கிப் போனவர்கள். வீடு விழுந்துதான் செத்தார்கள். பழைய மரவீடுகள், சேறு குழைத்து அதன்மேல் பதித்த கனத்த ஓட்டுக் கூரை. கீழே சுவரில் குறுக்குக் கட்டை போதாது, அடித்தூண் செல்லரித்தது. தலை கனம், கால் மெலிவு. 1981இல் ஜப்பான் கட்டட விதிகளைக் கடுமையாக்கியிருந்தது. அதற்குப் பிறகு எழுந்த வீடுகள் கோபேயில் பெரும்பாலும் நின்றன. முன்னே எழுந்தவை சரிந்தன. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. விதியை எழுதுவதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? முன்கணிப்புக்குக் கொட்டியதோடு ஒப்பிட்டால் அது பேப்பர், மை செலவு.

அந்த வருடமே முன்கணிப்புத் தலைமையகம் என்ற அரசு அமைப்பைக் கலைத்து, புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர், 'நிலநடுக்க ஆராய்ச்சி ஊக்குவிப்புத் தலைமையகம்'. 1969இல் காணாமல் போன சொல் இருபத்தாறு வருடம் கழித்து வீடு திரும்பியது.

சொல் திரும்பியதும் செலவின் முகமும் மாறியது. ஒரே மாகாணத்தில் கருவிகளைக் குவித்துச் சைகைக்குக் காத்திருப்பதை விட்டு, நாடு முழுக்க ஒரே சீராக அளக்க முடிவு செய்தார்கள். 25 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆயிரம் நிலநடுக்கமானிகள், 1996லேயே இயங்கத் தொடங்கிவிட்டன. இவை கே-நெட். அடுத்து ஹை-நெட்: நூறு மீட்டர், அதற்கும் கீழே துளை போட்டு, லாரிச் சத்தமும் காற்றும் எட்டாத ஆழத்தில் இறக்கிய எண்ணூறு கருவிகள். நிலம் நகர்வதை அளக்க ஆயிரத்து முந்நூறு ஜிபிஎஸ் நிலையங்கள். எல்லாத் தரவும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். 'இதனால் இன்ன தேதியில் இன்னது நடக்கும்' என்று இந்தத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

பலன் யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. காஸுஷிகே ஒபாரா என்ற ஆய்வாளர் ஹை-நெட் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் பதிவில் ஒரு மெல்லிய நடுக்கம் மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில், நீடித்தது. நிலநடுக்கம் போல் திடீரென்று தொடங்கி அடங்கவில்லை. பூனை உறுமுவது போல ஓயாமல் இருந்தது. தனியொரு கருவியில் பார்த்தால் பக்கத்துச் சாலையின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் பக்கத்து நிலையத்திலும் அதே உறுமல், அதற்கடுத்ததிலும் அதே, கொஞ்சம் தாமதித்து. லாரி இப்படி ஊர் ஊராகப் போய் நிலத்துக்கடியில் உறுமாது. கணக்குப் போட்டதில், மூலம் சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில், தென்மேற்கு ஜப்பானின் கடலடித் தட்டு உள்ளே புகும் கோட்டை ஒட்டி ஒரு நீண்ட பட்டையாகக் கிடந்தது. 2002இல் அது வெளியானது. தட்டுகள் சத்தமில்லாமல் மெல்ல நழுவுவதோடு இந்த உறுமல் சேர்ந்தே வருகிறது என்று அடுத்து கனடாக் கரையில் கண்டுபிடித்தார்கள். நிலநடுக்க இயலில் அண்மைக் காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முன்னறிய முடியும் என்று சொல்லி வாங்கிய பணத்தில் கிடைக்காதது, சும்மா காது கொடுத்துக் கேட்டதில் கிடைத்தது.

இன்னொரு செலவு, பார்க்கவே வேடிக்கையானது. கோபேக்கு வடக்கே மிகி என்ற ஊரில் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு ஆட்டு மேடை கட்டினார்கள். 1,200 டன் வரை தூக்கிக் குலுக்கும். 2005 நவம்பரில் அதன்மேல் பழைய மரவீடுகள் இரண்டை அக்கம்பக்கமாக ஏற்றினார்கள். ஒன்று வைத்தது வைத்தபடி. இன்னொன்றில் சுவருக்குள் குறுக்குச் சட்டம், பலகை, மூலைகளில் இரும்புப் பிடி. கோபேயில் பதிவான அதே ஆட்டத்தைக் கொடுத்தார்கள். சில விநாடிகளில் முதல் வீட்டின் கீழ்த்தளம் பக்கவாட்டில் மடிந்து, மாடி அப்படியே அதன்மேல் உட்கார்ந்தது. இரண்டாவது வீடு முறுக்கிக்கொண்டு, விரிசல் விட்டு, ஆனால் நின்றது. அந்தக் காணொளியை ஒரு தரம் பார்த்தவருக்கு எந்தப் பேராசிரியரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தச்சர் போதும்.

ஷிசுவோகா மாகாணம் 2001லேயே மரவீடுகளுக்கு மானியம் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதன் பெயரில் ஒரு சிலேடை. ஜப்பானிய மொழியில் 'தோகாய்' என்றால் அந்தப் பிரதேசம். வேறு எழுத்தில் எழுதினால் 'சரிந்து விழுதல்'. திட்டத்தின் பெயர் 'தோகாய் பூஜ்யம்'. வருவதாகச் சொன்ன நிலநடுக்கத்தை வீடு விழாத நிலநடுக்கமாக்குவோம் என்று அர்த்தம். அரசாங்கத் திட்டத்துக்கு இவ்வளவு புத்திசாலித்தனமான பெயர் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2011 மார்ச் 11க்கு வருவோம். 9.0 அளவு. கரையோர நிலையம் ஒன்று முதல் அலையைப் பிடித்த 8.6 விநாடியில் பொது எச்சரிக்கை போய்விட்டது. நிலநடுக்கத்தில் முதலில் வருவது வேகமான, மென்மையான அலை. ஆளைத் தள்ளும் அலை கொஞ்சம் மெதுவாகப் பின்னால் வரும். இந்த இடைவெளியில் செய்தியை மின்சாரத்தில் அனுப்பினால் செய்தி முந்திக்கொள்ளும். 2007 முதல் ஜப்பானில் எல்லாருக்கும் இந்த வசதி உண்டு. செண்டாய் மக்களுக்குச் சுமார் பதினைந்து விநாடி கிடைத்தது. புல்லட் ரயில்களுக்குத் தனிக் கருவிகள். அவை தாமாகவே பிரேக் பிடித்தன. பயணிகள் யாரும் ரயிலில் இறக்கவில்லை. இது முன்கணிப்பு இல்லை. வெடித்த பிறகு ஓடிவந்து சொல்வது. ஆயிரம் கருவி புதைத்த செலவுக்கு நேரடி வட்டி இது.

அன்று அதே வலையில் ஓட்டையும் தெரிந்தது. மூன்று நிமிடத்தில் வானிலைத் துறை கணித்த அளவு 7.9. அதை வைத்து மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் சுனாமி என்று அறிவித்தார்கள். அருகிலிருந்த அகலப்பட்டைக் கருவிகளின் ஊசி அளவுகோலைத் தாண்டிப் போய்விட்டதால் உடனே திருத்தவும் முடியவில்லை. 28 நிமிடம் கழித்துத்தான் '10 மீட்டர்' வந்தது. அதற்குள் மின்சாரம் போன ஊர்கள் பல. மூன்று மீட்டர்தானே, நம் சுவர் பத்து மீட்டர் இருக்கிறதே என்று தங்கிவிட்டவர்கள் உண்டு. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகப் பதினெட்டாயிரத்துக்கு மேல். அதன் பிறகு ஜப்பான் கடலுக்கடியில் 5,700 கிலோமீட்டர் கேபிள் இழுத்து 150 கருவிகளைக் கோத்தது. அலை கரைக்கு வருமுன் கடல் நடுவிலேயே அளந்துவிடுகிறார்கள்.

சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை நாம் 2004 டிசம்பர் 26 அன்று ஒரே காலையில் கற்றுக்கொண்டோம். ஆழிப்பேரலை என்று தமிழில் பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். சுமத்ராவில் நிலம் ஆடியதற்கும் நாகப்பட்டினத்தில் அலை ஏறியதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. செண்டாய்க்கு வாய்த்த விநாடிகளோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். சொல்ல ஆளும் இல்லை, கருவியும் இல்லை. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் இயங்கத் தொடங்கியது 2007இல்.

திரும்ப ஜப்பான். 2011 அலையைப் பற்றி விஞ்ஞானிகளுக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் சரியில்லை. செண்டாய்ச் சமவெளி வயல்களைத் தோண்டினால் களிமண்ணுக்கு நடுவே ஒரு மணல் பட்டை வரும். கடல் மணல், கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே. கி.பி. 869இல் வந்த ஜோகான் சுனாமி விட்டுப்போனது. அரசுப் பணத்தில் வருடக்கணக்காகக் குழாய் இறக்கி மண்ணெடுத்து இதை வரைபடமாக்கினார்கள். 2009 ஜூனில் யுகினோபு ஒகாமுரா என்ற நிலவியலாளர், ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைப் பற்றிய அரசுக் கூட்டத்தில், இந்த மணலை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்டார். பதில் உருப்படியாக வரவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அதே அரசு, அந்த ஆராய்ச்சியைக் கேட்கக் காது கொடுக்கவில்லை. இந்தப் பழைய அலையையும் சேர்த்துக்கொண்ட அரசின் நீண்டகால மதிப்பீட்டறிக்கையோ 2011 ஏப்ரலில் வெளிவருவதாக இருந்தது.

கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் விஞ்ஞானி அல்ல. இவாத்தே கரையில் ஃபுடாய் என்ற சின்ன மீனவ கிராமம், மூவாயிரம் பேர். 1896, 1933 சுனாமிகளில் அங்கே 439 பேர் போயிருந்தார்கள். 1933இல் சேற்றிலிருந்து பிணங்களை எடுத்ததைப் பார்த்தவர் கோதோகு வாமுரா. 1947 முதல் நாற்பது வருடம் ஊர்த் தலைவர். முந்தைய அலை பதினைந்து மீட்டர் வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தார். ஆகவே 15.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். முதலில் சுவர், பிறகு ஆற்றின் குறுக்கே 205 மீட்டர் அகலத்தில் ஒரு மதகு. மதகு 1984இல் முடிந்தது. செலவு 356 கோடி யென், மாகாண, மத்திய அரசுப் பணம். பத்து மீட்டர் போதாதா, இவ்வளவு உயரம் எதற்கு, நிலத்தை வேறு கொடுக்க வேண்டுமா என்று ஊரிலேயே ஏச்சு. வாமுரா 1997இல் இறந்தார். அதுவரை மதகுக்கு வேலையே வரவில்லை.

2011இல் அலை 20 மீட்டருக்கு மேல் எழுந்து வந்தது. நான்கு பெரிய கதவுகளைத் தொலைவிலிருந்தே இறக்கிவிட்டார்கள். பக்கத்துச் சின்னக் கதவு மட்டும் மின்சாரம் போய் இறங்கவில்லை. தீயணைப்பு வீரர் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கையால் சுற்றி இறக்கினார். தண்ணீர் மதகைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே விழுந்தது, வீடுகளை எட்டவில்லை. படகைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போன ஒருவர் மட்டும் காணாமல் போனார். ஊரார் இப்போது வாமுராவின் சமாதிக்குப் போய்க் கும்பிடுகிறார்கள். அதே கரையில் தாரோ என்ற ஊரின் பத்து மீட்டர்ப் பெருஞ்சுவரைப் பார்க்க உலகெங்கிருந்தும் நிபுணர்கள் வந்து போயிருந்தார்கள். அலை அதை ஏறிக் குதித்தது.

ஆகச் சுவரைக் கட்டினால் தீர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஃபுடாய் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. 205 மீட்டரில் மூடிவிடலாம். செண்டாய்ச் சமவெளியை எதை வைத்து மூடுவது?

2011 ஏப்ரலில் டோக்கியோவில் பேராசிரியராக இருந்த ராபர்ட் கெல்லர் 'நேச்சர்' இதழில் ஒரு காட்டமான கட்டுரை எழுதினார். 1979 முதல் ஜப்பானில் பத்துப் பேரையோ அதற்கு மேலோ பலி வாங்கிய நிலநடுக்கங்கள் எல்லாமே, அரசு வரைபடம் 'அபாயம் குறைவு' என்று வண்ணமடித்த இடங்களில்தான் நடந்திருக்கின்றன என்று காட்டினார். தோகாய் சட்டத்தைத் தூக்கிப் போடுங்கள் என்றார். அரசு ஆறு வருடம் யோசித்தது. 2017இல், நிச்சயமான முன்கணிப்பு சாத்தியமில்லை என்று அரசுக் குழு ஒப்புக்கொண்டது. அந்த நவம்பரில் தோகாய்க்கென்று இருந்த எச்சரிக்கை முறையை நிறுத்தினார்கள். ஆறு பேராசிரியர்களும் ஒரு முறைகூடப் பிரதமரைக் கூப்பிட நேரவில்லை.

2024 புத்தாண்டு அன்று மாலை நோட்டோ தீபகற்பம் 7.6 அளவில் குலுங்கியது. அதுவும் வரைபடத்தில் வெளிர்நிற இடம்தான். அங்கே சுசு நகரத்தில் விதிப்படி வலுவான வீடுகள் ஏறக்குறையப் பாதி. நாட்டின் சராசரி 87 சதவீதம். மானியம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அந்த வீடுகளில் இருப்பவர்கள் கிழவனும் கிழவியும். பிள்ளைகள் நகரத்தில். திரும்பி வரப்போவதில்லை. அரசு பாதி கொடுத்தாலும் மீதியைச் சேமிப்பிலிருந்து எடுத்து, எண்பது வயதில் சுவரைப் பிரித்துக் கட்டை அடிக்க வேண்டும். எங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டால், பொறியாளரிடம் பதில் இல்லை.

கடைசியாக ஓர் எண். ஜப்பானின் தென்கரையில் நான்காய் பள்ளம். அடுத்த முப்பது வருடத்தில் அங்கே பெரிய நிலநடுக்கம் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று அரசு வருடாவருடம் அறிவிக்கும். 2018 முதல் 70 - 80 சதவீதம், 2025 ஜனவரியில் 80 சதவீத அளவு. நாட்டின் வேறு எந்தக் கடல் பள்ளத்துக்கும் இந்த முறையில் கணக்குப் போடுவதில்லை. இதற்கு மட்டும் வேறு சூத்திரம்.

அந்தச் சூத்திரம் ஷிகோகு தீவின் முரோதோ முனையில் உள்ள சின்னத் துறைமுகத்திலிருந்து வருகிறது. பெரிய நிலநடுக்கம் வரும்போதெல்லாம் அங்கே தரை மேலேழும், துறைமுகம் ஆழம் குறையும், படகு தட்டும். 1707இல் 1.8 மீட்டர் எழுந்தது. அடுத்தது 147 வருடம் கழித்து 1854இல். அப்போது 1.2 மீட்டர் எழுந்தது; அடுத்தது 92 வருடத்தில், 1946. பெரிதாக எழுந்தால் நீண்ட ஓய்வு, சிறிதாக எழுந்தால் குறுகிய ஓய்வு என்று பார்த்தார்கள். 1946இல் 1.15 மீட்டர். கோட்டை நீட்டினால் 88 வருடம். 1946உடன் கூட்டினால் 2034. அழகான கணக்கு. மூன்று புள்ளி.

வேறிடங்களுக்குப் போடும் வழக்கமான கணக்கை இங்கும் போட்டால் விடை இருபது சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. 2013இல் நிலநடுக்க அறிஞர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல விரும்பினார்கள். பேரிடர்த் தயாரிப்புத் தரப்பு ஒப்பவில்லை. எண் இறங்கினால் நிதியும் இறங்கும் என்ற கவலை அங்கே பேசப்பட்டது. கூட்டக் குறிப்புகளைத் தோண்டியெடுத்து ஒரு பத்திரிகை நிருபர் பின்னால் இதை எழுதினார். பழைய துறைமுக ஆழக் கணக்கு எவ்வளவு நம்பகம் என்றும் ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். கயிறும் கோலும் வைத்து அளந்த எண்கள். அளந்தது எந்த மாதம், ஓதம் எவ்வளவு, நடுவில் தூர் வாரினார்களா என்று கேள்விக்கு மேல் கேள்வி.

2025 செப்டம்பரில் குழு புதுக் கணக்கை வெளியிட்டது. இந்த முறை எண் ஒன்றல்ல, இரண்டு. ஒரு முறைப்படி 60 முதல் 90 சதவீதத்துக்கு மேல். இன்னொரு முறைப்படி 20 முதல் 50. விஞ்ஞானப்படி இரண்டில் எது உயர்வு என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆனால் தயாரிப்பு நோக்கில் மக்களிடம் பெரிய எண்ணையே அழுத்திச் சொல்வது நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

முரோதோ துறைமுகத்தின் பழைய ஆழக் கணக்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் ஏடுகளில் இருந்தது. 1930இல் அதை எடுத்து அச்சேற்றியவர் அகித்சுனே இமாமுரா.